மேல் பஞ்சமம்

…இல்லை, பிசகியது உச்சியில் இல்லை, அதற்கு முன்னாலேயே, ஏறத் தொடங்குகிற இடத்திலேயே, மூச்சை இழுத்து வாயைத் திறந்த கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது இது போய்ச் சேராது என்று, தெரிந்து என்ன செய்ய, தொண்டையை இறுக்கித் தள்ளினாள், மேல் பஞ்சமம் வந்தது, வரத்தான் வந்தது, ஓரத்தில் ஒரு பிசிறோடு… பக்கத்தில் நின்ற, கோரஸுக்குப் புதிதாக வந்த பெண் கவனித்திருப்பாளா? கவனிக்காமல் என்ன. ஒரே மைக்கைச் சுற்றி நெருங்கி நிற்கிறவர்களில் ஒருத்திக்குத் தொண்டை இறுகினால் மற்றவர்களுக்குத் தெரியும், அடுப்பில் பால் பொங்கப் போவது பக்கத்து அறையில் இருக்கிறவளுக்குத் தெரிகிற மாதிரி, திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையை நிமிர்த்தவில்லை. இவளுடைய புருஷன்தான். ஹெட்போனில் அவன் குரல் வந்தது. "நல்லாருக்கு மேடம். எதுக்கும் சேஃப்டிக்கு இன்னொண்ணு போயிடலாம்." வேலை இடத்தில் அவளும் அவனுக்கு மேடம்தான், கல்யாணமான புதிதில் அது ஒரு விளையாட்டாக இருந்தது, அவன் மேடம் என்பான், இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள், மற்ற பெண்கள் முழங்கையால் இடிப்பார்கள்… இப்போது வெறும் மேடம். நல்லாருக்கு என்றால் நன்றாக இல்லை என்று அர்த்தம். நிஜமாகவே நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், 'அடுத்தது' என்று போய்விடுவான். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில் அவள் கற்றுக்கொண்ட பாஷை அது, வீட்டிலும் அதே அகராதிதான், குழம்பு நல்லாருக்கு என்றால் உப்பு குறைவு.

இந்தக் கட்டிடத்தில் அவளுக்கு உச்சி என்று பெயர். யார் முதலில் வைத்ததோ, வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளிகூட 'உச்சியம்மா வந்தாச்சு' என்றுதான் உள்ளே சொல்வான். விளம்பரப் பாட்டோ, சினிமாப் பாட்டின் கோரஸோ, பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால் மாதிரிக்குப் பாடிவைக்கிற ட்ராக்கோ, எதுவானாலும் மேலே ஒரு கோடு வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடு என்பார்கள், அவள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்து, முதல் டேக்கில் முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போய்விடுவாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால்தானே அது ஒரு சொத்து என்று தோன்றவே இல்லை, கை கால் மாதிரி கூடவே கிடந்தது, யாராவது காலையில் எழுந்து என் கால் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களா… இரண்டாவது டேக். ஹெட்போனில் எண்ணிக்கைத் தட்டு. அவள் மூச்சை அடிவயிற்றில் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடினாள். இந்தத் தடவை பிசிறுகூட வரவில்லை, வெறும் காற்று வந்தது.

மாத்திரை. எங்கே சுற்றினாலும் புத்தி அங்கேதான் போய் நிற்கிறது. சின்னவன் பிறந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், எல்லோரையும் ஓட வைத்து, பிழைத்ததே பெரிய காரியம், வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னாள், இனி ஒண்ணு வேண்டாம், பால் கொடுக்கிறவரை இந்தக் கருத்தடை மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில், மறக்கக் கூடாது. கேள்விகள் கேட்டாள்தான், இல்லையென்று சொல்ல முடியாது, ரத்த அழுத்தம் உண்டா, தலைவலி வருமா, வீட்டில் யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கிறதா, எல்லாம் கேட்டாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் கேட்டாள், கேட்டாளா, "வீட்டுல தானம்மா இருக்க?" என்றாள், தொட்டிலில் சின்னவன் வீறிட்டுக்கொண்டிருந்தான், அவள் தலையை ஆட்டிவைத்தாள். ஆட்டாமல் இருந்திருந்தால்? இல்லைம்மா, நான் பாடுறவ என்று சொல்லியிருந்தால் மட்டும் என்ன, ஓ பாட்டா, எங்கே ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம் என்றிருப்பாள் அந்த நர்ஸ், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஆசாரியிடம் போய் எங்கே ஒரு ஆணி அடி பார்ப்போம் என்று யாராவது கேட்பார்களா.

அவன் அப்போது எவ்வளவு அனுசரணையாக இருந்தான். மறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சாப்பாடு முடிந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக அவனே வந்து நிற்பான், பிறகு பழகிப்போய் வெறும் கேள்வியானது. போட்டியா? தட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள், குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பாள், முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வரும், போட்டியா, போட்டேன், போட்டியா, போட்டாச்சு… சில நாள் அவர்கள் இருவருக்கும் நடுவில் அது ஒன்றுதான் பேச்சு. சின்னவன் பால் மறந்தான், நடந்தான், பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான், மாத்திரை மட்டும் அப்படியே நின்றது, வேறு வகைக்கு மாற்ற வேண்டுமா என்று போய்க் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை, மருந்துக் கடைக்காரன் அவளைக் கண்டதுமே எடுத்து வைத்துவிடுவான்.

எப்போது போயிற்று என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. திருட்டுப் போன நகையென்றால் நேற்றுவரை இருந்தது என்று சொல்லலாம், இது உப்பு கரைகிற மாதிரியல்லவா போயிருக்கிறது. முதலில் காலையில் குரல் திறக்க நேரமானது. பிறகு, எழும்பினால் தானாக வந்து உட்கார்கிற ஸ்வரத்தைக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. ஒரு நாள் கடைப் பொருள் கொண்டுவருகிறவன் போனில் 'சார், வீடு எங்க சார்' என்றான், அவள் வழி சொன்னாள், 'சரி சார்' என்று வைத்தான், கதவைத் திறந்தபோது அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து சாரைத் தேடினான், அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், புருஷனிடம் சொன்னாள், அவனும் சிரித்தான்… சிரித்தானா? ஆம், சிரித்தான், கொஞ்சம் தாமதித்து. அம்மா சளி என்றாள். நாத்தனார், ரெண்டு பெத்தா எல்லாந்தான் இறங்கும் அண்ணி, குரல் மட்டும் நிக்குமா என்று கேட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அவள் ஆவி பிடித்தாள், குளிர்ந்ததை விட்டாள், புளிப்பை விட்டாள், போனில் பேசுவதைக் குறைத்தாள், விட வேண்டிய ஒன்றை மட்டும் தினமும் மறக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தொண்டை டாக்டரிடம் போனது போன மாதம். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, திரையில் அவளுடைய குரல்நாண்களை அவளுக்கே காட்டினார், ஈரமாக, வெளுப்பாக, திறந்து மூடுகிற இரண்டு மடிப்பு, இதற்குத்தானா இத்தனை வருஷம் ஊரே உச்சி உச்சி என்றது என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கட்டி இல்லை, புண் இல்லை, லேசாகத் தடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றார். யாரும் கேட்காத கேள்வி. அவள் சொன்னாள். அவர் உடனே குதித்துவிடவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இந்த மாத்திரைகளால் குரலுக்கு ஒன்றும் ஆவதில்லை, இப்போது வருகிற சில வகைகளில் குரல் இன்னும் சீராக இருப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் சில பழைய வகைகளில் உள்ள ஹார்மோன் கொஞ்சம் ஆண் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும், எங்கேயோ ஒருத்திக்குக் குரல் கனக்கலாம், இறங்கலாம், மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது, பாடுகிறவளுக்குத் தெரியும் என்றார். "இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ரெண்டு பிரசவம், வயசு, நீங்க தள்ளித் தள்ளிப் பாடினது, எல்லாம் இருக்கு. உங்க டாக்டரம்மாவ கேட்டு நிறுத்திப் பாருங்க. திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்." இதைவிட ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர், அவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பான். இப்படி லாம் லாம் என்று சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நிறுத்திவிட்டாள். அன்றைக்கே டாக்டரம்மாவையும் பார்த்துவிட்டு வந்து அவனிடம் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், ஆண் ஹார்மோன் உட்பட. அவன் செய்தித்தாளை மடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எப்படி?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். குரல் என்ன ஆகும் என்று கேட்கவில்லை, அப்ப எப்படி. அவனுக்குச் சின்ன அறுவை சிகிச்சை போதும், போய்விட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் மெதுவாக எடுத்தாள், அவன் முகம் போன போக்கு, என்னவோ அவனைப் பலி கேட்ட மாதிரி, நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை, இடுப்புக்கு ஆகாது, தனக்குத் தெரிந்த ஒருத்தன் செய்துகொண்டு அப்புறம் ஆளே துவண்டுபோனான், பார்க்கலாம், அவசரம் என்ன… அவளுக்கு ஒன்று தோன்றியது, அதை அவள் சொல்லவில்லை. என் தொண்டை ஒன்றும் உங்கள் இடுப்பை விடக் கேவலம் இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தத் தடித்த குரலில்தான் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் குரலில் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும். அன்றிலிருந்து இருவரும் கட்டிலின் இரண்டு ஓரம்.

"உச்சி, நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடறியா?" கோரஸ் அக்கா கேட்டாள். இவர்களை எல்லாம் கூட்டிவந்து நிறுத்தி ஸ்வரம் பிரித்துக் கொடுக்கிறவள், நல்லவள், அதனால்தான் நேராகப் பார்க்காமல் கையிலிருந்த பாட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் எழுந்து நின்றிருந்தார், அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். புதுப்பெண் மேலே பாடட்டும், நீ கீழ் வரிசை பிடி, கீழே கனம் பத்தலை, நீ இருந்தா தாங்கும், என்றெல்லாம் அக்கா சர்க்கரை தடவினாள். அவள் சரி என்றாள். வேறென்ன சொல்வது. ஹெட்போன் கம்பியைத் தூக்கிக்கொண்டு அரையடி நகர வேண்டும், அவ்வளவுதான் தூரம், அந்த அரையடிக்குள் இடுப்பிலிருந்து ஏதோ கழன்று விழுகிற மாதிரி இருந்தது. புதுப்பெண் 'சாரிக்கா' என்றாள் உதட்டசைவில். சாரி எதற்கு, நீ என்ன செய்தாய், நீ பாடு, கல்யாணம் ஆகிவிட்டதா உனக்கு, என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்கத் தோன்றியது, சீ, என்ன புத்தி இது. ஹெட்போனில் எண்ணிக்கைத் தட்டு விழுந்தது. புதுப்பெண் போய் உட்கார்ந்தாள் மேல் பஞ்சமத்தில், எந்தப் பாடும் இல்லாமல், நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருகிற மாதிரி. கீழே இவள் பாடினாள். தள்ளவில்லை, தள்ள வேண்டிய அவசியமே இல்லை, மார்புக்குள் அது தானாக நிரம்பியது, தடிமனாக, கொஞ்சம் கரகரப்பாக, இசையமைப்பாளர் அந்தப் பக்கம் கட்டை விரலை உயர்த்தினார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. நன்றாக இருந்தது. ஹெட்போனில் அவள் புருஷன் வேறொன்றும் சொல்லாமல் "அடுத்தது" என்றான்.

இடைவேளையில் அவன் போன் பேச வெளியே போனான். மற்றவர்கள் டீக்குப் போனார்கள், அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கன்சோல் அறைக்குள் போனபோது இசையமைப்பாளர் தானே மவுஸைப் பிடித்துக்கொண்டு, முன்பு இங்கேயே எடுத்த ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார், அதில் கோரஸ் விழுந்த மாதிரி இதிலும் விழ வேண்டுமாம். வா உச்சி, உன் பாட்டுத்தான், கேளு என்றார். எதையோ தட்டினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது, தனியாக, வாத்தியம் ஏதுமில்லாமல், மேலே ஏறுகிறது, கிட்டத்தட்டப் போய்ச் சேர்கிறது, ஒரு முடியளவு கீழேயே நின்றுவிடுகிறது, மங்கலாக, யாரோ வயதானவள், பாவம், யார் இவளை மேல் வரிசையில் நிறுத்தினார்கள் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அந்தக் குரல் ஒரு சொல்லில் அவளைப் போலவே லேசாக மூக்கில் பேசியது. அவள் பாட்டில் மூடியை மூடாமலே நின்றாள். "அடடா, இது இல்ல, இது திருத்தறதுக்கு முன்னாடி," என்று இசையமைப்பாளர் மேலே இருந்த இன்னொன்றைத் தட்டினார், அதே வரி, அதே மூச்சு, ஆனால் மின்னுகிறது, கண்ணாடி மாதிரி ஏறிப் போய் உட்காருகிறது, உச்சி. "உன் ஆளு உன் ட்ராக்க மட்டும் யார் கையிலயும் குடுக்க மாட்டான் தெரியுமா? ஒவ்வொரு ஸ்வரமா கம்ப்யூட்டர்ல உக்காந்து ஏத்துவான். குடுத்து வச்சவ நீ." மெச்சித்தான் சொன்னார், மனதில் கள்ளம் இல்லாமல்.

எந்தப் பாட்டு அது? அந்தப் பாட்டுக்கு வந்தபோது சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், கோரஸ் அக்கா அவனை வாங்கி வைத்துக்கொண்டாள், அவனுக்குப் பல்கூட முளைக்கவில்லை. அப்படியென்றால் அப்போதிருந்தே. இவளுக்கு முதல் சந்தேகம் வருவதற்கு எவ்வளவோ முன்னால், ஆவி பிடிப்பதற்கு முன்னால், சார் வீடு எங்க சாருக்கு முன்னால், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலையே அதுதானே அவனுக்கு, ஒரு தலைமுடி அளவு இறங்கினாலும் கேட்கிற காது. கேட்டிருக்கிறான், பேசாமல் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறான், ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, தட்டு கழுவுகிறவளின் முதுகுக்குப் பின்னால் நின்று, போட்டியா. பேருந்தில் அந்தப் பாட்டு ஓடியபோது பிள்ளைகளிடம் இது அம்மா, இந்த மேலே போறது அம்மா என்று காட்டினாளே, பெரியவள்கூட யாரிடமோ பெருமையாகச் சொன்னாளே, அது அம்மா இல்லை, அது அப்பா. அன்பா அது? அன்பாகத்தான் இருக்கும். அவள் மனசு நோகக் கூடாது, அவளுக்கு வேலை போய்விடக் கூடாது… நிஜமாகவே அதுதானா? ஒரு வார்த்தை, அன்றைக்கே ஒரே ஒரு வார்த்தை, ஏய் என்ன குரல் கொஞ்சம் இறங்குது, பாக்கிறியா என்று சொல்லியிருந்தால், பல் முளைக்காத அந்தக் காலத்திலேயே போய்க் கேட்டிருப்பாளே, தடிப்பதற்கு முன்னால். டாக்டரம்மாவுக்குக் காது இல்லை, நர்ஸுக்குக் காது இல்லை, இவனுக்கு இருந்தது.

மீதியையும் பாடினாள். கீழ் வரிசையில், தப்பில்லாமல். முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வண்டி நிறுத்துகிற இடத்தில் அவன் பைக்கைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான், வெயில் இன்னும் இறங்கவில்லை, சீட் கொதித்தது, அவன் தன் கைக்குட்டையை விரித்து அவள் உட்காருகிற இடத்தில் போட்டான், எப்போதும் போடுவான். அவள் உட்காரவில்லை.

"என் ட்ராக்க கேட்டேன். ஏத்தாதத."

அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான். யார் போட்டது என்று கேட்கவில்லை.

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப."

"எதை?"

"எதைன்னா?" என்று அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நடிக்கவில்லை, அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷப் பழக்கத்தில் அது தெரியாதா, நிஜமாகவே அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. பாட்டையா, மாத்திரையையா என்று அவள் பிரித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றைச் சொல்வான், எது நல்ல பெயர் வாங்கித் தருமோ அதை, அல்லது நிஜமாகவே எதுவோ அதை, இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது அவளுக்கு இல்லை. அவள் கைக்குட்டையை எடுத்து மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, சூட்டிலேயே உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. சிக்னலில் நின்றபோது வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே, யாருக்கும் கேட்காமல் ஒரு ஸ்வரத்தை மெல்லப் பிடித்து ஏற்றிப் பார்த்தாள், என்ஜின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை, போனதா நின்றதா தெரியவில்லை, முன்னால் அவன் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவன் எதையாவது உற்றுக் கேட்கும்போது அப்படித்தான் சாயும்… திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒருவேளை திரும்புவதாக இருந்தால் ஒரே நாளில் வந்து நிற்காது, போன மாதிரியேதான் வரும், ஒரு முடி ஒரு முடியாக. அப்போதும் அவளுக்கு முன்னால் அவன் காதில்தான் அது விழும். விழுந்தால், சொல்வானா?